சோம்பல் அல்ல, பணிச்சோர்வு

தொழிற்சாலைகளில் 9 மணி நேரமாக இருந்த தினசரி வேலை வரம்பை 10 மணி நேரமாகவும், காலாண்டுக்கு 75 மணி நேரமாக இருந்த கூடுதல் நேரப் பணியை 144 மணி நேரமாகவும் உயர்த்த ஆந்திர அமைச்சரவை 2025 ஜூனில் முடிவெடுத்தது. முதலீட்டை ஈர்ப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது.

வார வரம்பான 48 மணி நேரத்துடன் இந்தக் கூடுதல் நேரத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 59 மணி நேரமாகிறது. விஜயபுரத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குச் செல்லும் ஒருவருக்குப் பயண நேரம் தனி. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் எச்சரித்துள்ளன.

சாதாரணக் களைப்பு உறக்கத்தில் தீரும். ஓய்வுக்குப் பிறகும் தீராத அயர்ச்சி, வேலையின் மீதே வெறுப்பு, தன் திறமையில் நம்பிக்கையின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பணிச்சோர்வு. அளவுக்கு மீறிய வேலையுடன் அங்கீகாரமின்மை, பாரபட்சம், தன் பணியில் தனக்கே அதிகாரமின்மை ஆகியவையும் இதற்குக் காரணங்கள்.

இதை நோயாக அன்றி, பணியிடம் சார்ந்த பிரச்னையாகவே 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. எனவே, சோர்ந்த தொழிலாளியைச் சோம்பேறி எனப் பழிப்பதில் பொருளில்லை. கூடுதல் நேரப் பணிக்கு எழுத்துமூல ஒப்புதலையும், தொழிலாளர் துறையின் முறையான ஆய்வையும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.