கெட்டிக்காரர்கள் கூடினார்கள்; தோற்றார்கள்!

ஒரு கம்பெனியில் எல்லோருமே கெட்டிக்காரர்கள் என்று வைத்துக் கொள்வோம். அந்தக் கம்பெனி ஓகோ என்று வளரும் அல்லவா? பலரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இங்கிலாந்து நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு தலைகீழாக வந்தது!

தேம்ஸ் நதிக் கரையில் ஹென்லி என்று ஓர் ஊர். அதன் அருகே, மானேஜர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி நடந்து வந்தது. பாடத்தில் ஒரு விளையாட்டும் உண்டு. மானேஜர்கள் பல குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கம்பெனி. சரக்கு, விலை, கடன், லாபம் எல்லாம் காகிதத்தில்தான்! கடைசியில் எவரிடம் அதிகப் பணம் இருக்கிறதோ, அவருக்கே வெற்றி.

1960-ம் ஆண்டுகளின் இறுதியில், மெரிடித் பெல்பின் என்ற மனோதத்துவ நிபுணர் இந்த விளையாட்டைக் கவனிக்கத் தொடங்கினார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் ஹார்ட்ஸ்டன். இவர் சதுரங்க வீரர்!

மானேஜர்களுக்கு முதலில் ஒரு பரீட்சை வைத்தார்கள். யார் புத்திசாலி, யார் எப்படிப்பட்ட குணம் உள்ளவர் என்று குறித்துக் கொண்டார்கள். பிறகு, மிகப் பெரிய புத்திசாலிகளாகப் பொறுக்கி ஒரே குழுவில் சேர்த்தார்கள். அந்தக் குழுவுக்கு "அப்பல்லோ" என்று பெயர். மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அதே பெயர்தான்.

இப்படி 25 குழுக்களை அமைத்துப் பார்த்தார்கள். எத்தனை ஜெயித்தன தெரியுமா?

மூன்றே மூன்று!

என்ன காரணம்?

அப்பல்லோ குழுவில் எல்லோரும் பேசினார்கள். ஒருவர் சொன்னதில் மற்றவர் ஓட்டை கண்டுபிடித்தார். அவர் சொன்னதில் இன்னொருவர் ஓட்டை கண்டுபிடித்தார். புத்திசாலிகள் அல்லவா? ஓட்டை உடனே கண்ணில் பட்டு விடுகிறது! முடிவு மட்டும் ஏற்படவில்லை. அவசர வேலைகள் அப்படியே கிடந்தன. கடைசியில் அவரவர் தம் வழியே போனார்கள்.

ஜெயித்த குழுக்களில் பல குணம் படைத்தவர்கள் கலந்து இருந்தார்கள். இதை எல்லாம் பெல்பின் 1981-ல் புத்தகமாக வெளியிட்டார். முதலில் அவர் எட்டு வகை வேலைகளைச் சொன்னார். பிறகு ஒன்று சேர்ந்து ஒன்பது ஆயிற்று. புதிய யோசனை சொல்கிறவர் ஒருவர். விரட்டி வேலை வாங்குகிறவர் ஒருவர். நிதானமாக எடை போடுகிறவர் ஒருவர். வெளியே போய் நாலு பேரைப் பார்த்து வருகிறவர் ஒருவர். இப்படிப் போகிறது பட்டியல். ஒன்பது வேலைக்கு ஒன்பது பேர் வேண்டும் என்பது இல்லை. ஒரே ஆள் இரண்டு மூன்று வேலைகளைப் பார்க்கலாம்.

குறையும் வேண்டும்!

பெல்பின் சொன்னதில் அருமையான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நல்ல குணத்தோடும் ஒரு குறை ஒட்டிக் கொண்டு வரும். அதைப் பொறுத்துக் கொள்ள வேண்டும் என்கிறார்.

கணக்கை மூன்று தடவை சரி பார்க்கிறவரைப் பாருங்கள். அவருக்கு எப்போதும் கவலை. பிறரை நம்பி ஒரு தாளைக் கொடுக்க மாட்டார். சக ஊழியர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கவலைதான் தவறைக் கண்டுபிடிக்கிறது! "கவலையை விடு, வேலையை மட்டும் செய்" என்று அவரிடம் சொன்னால் வேலையும் போய் விடும்.

யோசனைக்காரர் மறதிக்காரராக இருப்பார். விரட்டுகிறவருக்குக் கோபம் வரும். திருத்துகிறேன் என்று மானேஜர்கள் இவர்களைப் பாடாய்ப் படுத்துவது வீண் வேலை.

முத்திரை குத்தலாமா?

இதே ஆராய்ச்சி தவறான வழியிலும் போகிறது. இத்தகைய குணப் பரீட்சைகளை வேலைக்கு ஆள் எடுக்கும்போதே வைக்கிறார்கள். சென்னையிலும் இது வந்து விட்டது. "தனிமையை விரும்புகிறவர்" என்று ஒரு பையனுக்கு முத்திரை விழுகிறது. வீட்டில் நகையை அடகு வைத்துப் படிக்க வைத்திருப்பார்கள். அரை மணி நேரக் கேள்வித்தாள் அவனை வெளியே அனுப்பி விடுகிறது!

இது அநியாயம்.

மிகவும் புகழ் பெற்ற குணப் பரீட்சை அமெரிக்காவில் பிறந்தது. காதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உண்டாக்கியது. மனிதர்களை அது 16 வகையாகப் பிரிக்கிறது. இருவரும் மனோதத்துவத்தில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். சில வாரம் கழித்து மறுபடியும் எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது! ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று, அதை விற்கிறவர்களே சொல்கிறார்கள்.

பரீட்சை வைக்கட்டும். வேலையில் சேர்ந்த பிறகு வைக்கட்டும். யாருக்கு எந்த வேலை கொடுக்கலாம் என்று பார்க்க வைக்கட்டும். வாசலில் நின்று விரட்டுவதற்கு அது தடி அல்ல.

அப்போதும் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியது போதாது. கூட வேலை செய்கிறவர்களையும் கேட்க வேண்டும். பெல்பின் முறையில் அதற்கும் இடம் உண்டு. ஒன்பது வகையில் சண்டையைத் தணித்து வைக்கிறவர் ஒரு வகை. அவர் கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். பெரிய யோசனை எதுவும் சொல்ல மாட்டார். தம்மைப் பற்றி எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டார். பக்கத்து நாற்காலிக்காரரைக் கேளுங்கள். அவர் லீவு போட்ட நாளில் ஆபீசில் எத்தனை சண்டை நடந்தது என்று கணக்காகச் சொல்வார்!