சதுர மீட்டருக்கு மானியம், இரவுக் குளிருக்கு யார் பொறுப்பு?

இமாசலத்தின் சோலன் மாவட்டத்தில், சைல் மலைச்சரிவுகளில் உள்ள பாலித்தீன் குடில்களில் கார்னேஷன் வளர்கிறது. தில்லியின் காசிப்பூர் பூச்சந்தைக்கும் கல்யாண மேடைகளுக்கும் போகும் கொய்மலர் அது. அக்குடில்களுக்கான அரசு மானியம் சதுர மீட்டரில் கணக்கிடப்படுகிறது. ஆனால் பூவின் விலையைத் தீர்மானிப்பது கூரையின் பரப்பன்று. சனவரி விடியலில் அதன் உள்ளே நிலவும் வெப்பநிலை.

மொழியியல் படித்த பழக்கத்தால் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். 'பசுமைக்குடில்' என்றதும் கதகதப்பான உறைவிடம் ஒன்று மனத்தில் எழுகிறது. பகலில் அது உண்மை. வெயிலில் சூடான காற்று வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. இரவிலோ சாதாரண பாலித்தீன் வெப்பக் கதிர்வீச்சைப் பெருமளவு வெளியே விட்டுவிடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில், சூடேற்ற வசதியற்ற குடிலின் உட்புறம் வெளியைவிடவும் சற்றுக் குளிர்ந்துபோவதுண்டு. பெயர் தரும் உறுதியைப் பொருள் தருவதில்லை.

கார்னேஷனுக்குக் குளிர்காலத்தில் பகலில் ஏறத்தாழ 20 டிகிரியும் இரவில் 10 முதல் 12 டிகிரியும் போதும். 'குளிர் வந்தால் மூடிவை' என்ற அறிவுரை அதைத் தராது. எப்போது மூடுவது, எவ்வளவு நேரம் மூடுவது என்று சொல்லாத ஏவல்வினை அது. பகல் முழுதும் மூடிய குடில் நண்பகல் வெயிலில் 30 டிகிரியைத் தாண்டும். இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் இதழ்கள் மிகுந்து, அவற்றைத் தாங்கமாட்டாமல் புல்லிவட்டம் வெடிக்கிறது. வெடித்த பூ சந்தையில் தரம் இறங்கிவிடும். மூடிய கூரையின் அடியில் ஈரம் துளித்துச் சொட்டினால் சாம்பல் பூஞ்சணமும் பற்றிக்கொள்ளும். இரண்டு நட்டமும் உழவர் தலையில்தான் விழுகிறது. குடில் மட்டும் திட்டத்தின் சாதனைக் கணக்கில் நிற்கிறது.

'ஹீட்டர் வைக்கட்டுமே' என்பவர்கள், எரிவாயுவால் சூடேற்றப்படும் நெதர்லாந்துக் கண்ணாடிக் கூடங்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். சில நூறு சதுர மீட்டர் குடில் வைத்திருப்பவர் இரவெல்லாம் டீசல் எரித்தால் பூ விற்ற பணம் புகையாகத்தான் போகும். அவருக்கு வேண்டியவை எளியவை: மாலையில் இழுத்து மூட ஒரு வெப்பத்திரை அல்லது உட்புறம் இரண்டாம் பாலித்தீன் அடுக்கு, செடியின் உயரத்தில் தொங்கும் குறைந்தபட்ச–அதிகபட்ச வெப்பமானி, நண்பகலில் பக்கத் திரைகளை உயர்த்தி, அந்திக்கு முன் ஈரக்காற்றை வெளியேற்றி, மண்ணில் சூடு இருக்கும்போதே மூடும் பயிற்சி. பயிற்சி ஒரு நாள் கூட்டமாக முடிந்துவிடாமல், அவர் பேசும் பஹாடியில், முதல் குளிர்காலம் முழுதும் தொடர வேண்டும்.

கட்டமைப்புக்குக் கோடிகளை ஒதுக்குபவர்கள் இவற்றை உழவரின் சொந்தச் செலவு என்று தள்ளிவிடலாகாது. மானியத்தின் கடைசித் தவணையை ஒரு குளிர்காலத்தின் இரவு வெப்பநிலைப் பதிவேட்டோடு இணையுங்கள். திரைக்கும் வெப்பமானிக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவை அந்த மானியத்திலேயே சேருங்கள்.