ஆலைப் பணம் கடைக்குள் வரக் கூடாது: கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டில் சில்லறைக் கடை வைத்து மது விற்பது அரசு மட்டுமே. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. கடை அரசுடையது, சரக்கைத் தயாரிப்பவை தனியார் ஆலைகள். இரண்டுக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

கவுண்டரில் நிற்பவர் கம்பிக்குள் பணத்தை நீட்டி ஒரு குவார்ட்டரின் பெயரைச் சொல்கிறார். "அது இல்ல, இதுதான் இருக்கு" என்ற பதிலோடு வேறொரு 180 மில்லி பாட்டில் வெளியே வருகிறது. பின்னால் கூட்டம் நெருக்க, வாங்கிக்கொண்டு நகர்கிறார். கேட்ட சரக்கு தீர்ந்துவிட்டதா, குடோனிலிருந்தே வரவில்லையா, இதைத் தள்ளிவிட யாராவது காசு கொடுத்தார்களா? அவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது. அந்த வாசல் அடைபட்டதும் ஆலைகளின் கண் கவுண்டர் மேல் விழுவது இயல்பு. இன்று அதிகம் விற்கும் பிராண்டுக்கே நாளை அதிகம் ஆர்டர் கிடைக்கும். ஆகவே பாட்டிலுக்கு இவ்வளவு என்று விற்பனையாளர் கையில் வைக்கப்படும் சிறு தொகையும் ஆலைக்குப் பெரும் லாபமாகத் திரும்பும். 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் தனிமனித நேர்மையை மட்டும் நம்பியிருப்பது தவறு.

2025 மார்ச்சில், டாஸ்மாக் ஆர்டர்களுக்காக ஆலைகள் கணக்கில் வராத பணம் கொடுத்ததாக அமலாக்கத் துறை குற்றம்சாட்டியது. அரசு மறுத்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் தெளிவான விதிகள் தேவை.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியது. 1935இலேயே கூட்டாட்சி மதுபான நிர்வாகச் சட்டம் வந்துவிட்டது. ஆலைகள் பணத்தாலும் பொருளாலும் கடைகளைத் தங்கள் பிடிக்குள் வைப்பதையும், கடை ஊழியருக்கு போனஸ் கொடுத்துப் போட்டியாளரின் சரக்கை ஒதுக்க வைப்பதையும் அது தடுக்கிறது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

எங்கள் கொள்கைகள்:

1. கடை ஊழியர், அதிகாரி, பார் நடத்துபவர் எவருக்கும் ஆலையிடமிருந்து பணம், பரிசு, சுற்றுலா, இலவசப் பாட்டில் எதுவும் போகக் கூடாது. மீறினால் கொடுத்த ஆலைக்கே முதல் தண்டனை.

2. தொகுப்பூதியத்தில் உழலும் 23,000க்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள், விற்பனையாளர்கள், உதவி விற்பனையாளர்களுக்குக் காலமுறை ஊதியம் வேண்டும். வயிற்றைக் காயவிட்டு நேர்மையைக் கேட்பது நியாயமல்ல.

3. ஒவ்வொரு கடையின் அன்றாட இருப்பும் விலையும் வாடிக்கையாளர் பார்வையில் இருக்க வேண்டும். எந்த ஆலையிடம் எவ்வளவு வாங்கப்பட்டது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

4. விற்பனை இலக்கு வைத்து ஊழியரை விரட்டக் கூடாது. மது, விற்பனையைப் பெருக்கிப் பெருமைப்பட வேண்டிய பண்டம் அல்ல.

5. முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியரை இடமாற்றமோ பணிநீக்கமோ தீண்டக் கூடாது.

மதுவிலக்கு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எங்களுடன் நிற்கலாம். கடை திறந்திருக்கும் வரை அதன் நிர்வாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எந்த ஆலையிடமிருந்தும், எந்த பார் உரிமையாளரிடமிருந்தும் ஒரு பைசாகூட நன்கொடை பெற மாட்டோம் என உறுதி கூறுகிறோம்.

1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் இந்த விதிகளைச் சேர்க்கும் திருத்தமே எங்கள் முதல் கோரிக்கை. கடை ஊழியர்களே, தொழிற்சங்கத்தினரே, குடியால் நொந்த குடும்பங்களின் பெண்களே, இந்தக் கோரிக்கையை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு செல்லுங்கள். அவரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.