கப்பல் சுற்றுலா யாருக்காக?



ஆண்டிறுதிச் சுற்றுலாவைப் பற்றிப் பேசக் கூடிய ஒரு பெற்றோர் கூட்டத்தில் அண்மையில் நானும் இருந்தேன். தைப்பிங் மிருகக்காட்சிசாலையா, பினாங்கா என்றுதான் வழக்கமாகப் பேச்சுத் தொடங்கும். இம்முறை ஒரு தந்தை எழுந்து, "எத்தனை நாளைக்கு டீச்சர் குரங்கையே பார்ப்பது? நம் பிள்ளைகளும் சொகுசுக் கப்பலில் போகட்டுமே" என்றார். லங்காவி, பூக்கெட், மூன்று இரவு என்று திட்டம் வளர்ந்தது. கைதட்டலும் எழுந்தது. நான் ஒருத்தி மட்டும் எதிர்த்தேன். "நாம் மேலே வருவது டீச்சருக்குப் பிடிக்கவில்லை" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அவருக்கான மறுமொழியே இப்பதிவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் உழைக்கும் ஒரு தாய் அதில் அரிசி வாங்க வேண்டும், கடன் கட்ட வேண்டும், பள்ளிச் சீருடையும் வாங்க வேண்டும். பூக்கெட் என்றால் கடப்பிதழும் எடுக்க வேண்டும். கட்ட முடிந்தவர் பிள்ளைகள் கப்பலேறுவர். முடியாதவர் பிள்ளைகள் வீட்டில் இருப்பர். வகுப்பறையில் பெஞ்சுக்குப் பெஞ்சு வேலி கட்டும் இக்காரியத்துக்குப் பள்ளியின் பெயர் எதற்கு? சொந்தப் பணத்தில் குடும்பத்தோடு செல்வோர் தாராளமாகச் செல்லட்டும். அதில் எனக்கு எவ்வித வழக்கும் இல்லை.

அடுத்து, அந்தக் கப்பலில் பிள்ளைகள் எதைக் காண்பார்கள்? கடைத்தெரு, நீச்சல் குளம், ஓயாத விருந்து, பெரியவர்களுக்குச் சூதாட்டக் கூடம். சன்னல் இல்லாத மலிவு அறையில் படுத்தால் கடல்கூடக் கண்ணில் படாது. தீவில் இறங்குவது சில மணி நேரமே. அங்கே வலை பின்னுபவரோடு ஒரு சொல் பேசுமுன் கப்பலுக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும். கரிபியக் கடலிலோ இன்னும் கேவலம். ஹைத்தி நாட்டின் லபாடி கடற்கரையை 1980களில் ஒரு கப்பல் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து வேலியிட்டது. பயணிகள் உள்ளே, ஊர்மக்கள் வெளியே. இதற்குத் தீவைப் பார்த்தல் என்று பெயராம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்நாட்டில் சொகுசுக் கப்பல் வணிகத்தின் விதை விழுந்ததே நம் மலையில்தான் எனலாம். கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் குத்தகையாளராக வேலை செய்தவர் லிம் கோ தோங். 1964இல் இங்கே இரவு உணவருந்திக்கொண்டிருந்தபோது, இந்தக் குளிர் தலைநகருக்கு அருகிலும் கிடைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து கெந்திங் மலை பிறந்தது. அந்தக் குழுமம் 1993இல் ஸ்டார் குரூஸைத் தொடங்கியது. அவர் நம் குளிரில் ஒரு வணிகத்தைக் கண்டார். நாமோ இக்குளிரிலேயே பிறந்து, அவர் வழிவந்த கப்பலில்தான் பெருமை இருக்கிறது என்று நினைக்கிறோம்.

கப்பல் நமக்குப் புதிதா? என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்மவரைச் சுமந்தது. மேல்தட்டில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, வாந்தியும் வெயிலுமாக வந்தவர்களே பலர். அதற்கும் முன் வந்த தொழிலாளர்களைப் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தனர். பின்னாளில் வந்த எம்.வி.சிதம்பரம் 1984 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்ததோடு அந்தப் பயணமும் முடிவுக்கு வந்தது. சொகுசுக் கப்பல் போவதும் அதே நீரிணையில்தான். ஜெரெஜாக் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கை தூக்குவர்? ஆசிரியராகிய நம்முள் எத்தனை பேர்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறை முடிந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் கப்பலில் சென்றதாக இரண்டு பக்கம் எழுதினான். கப்பலில் வாழை மரம் நின்றது. மாலுமி தமிழில் பேசினார். அவன் அவ்விடுமுறை முழுவதும் தகப்பனோடு முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டிருந்தான் என்பது பிறகே எனக்குத் தெரிய வந்தது. நான் சிவப்பு மையால் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருந்தேன். அப்பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது என் தலைப்பு. அதன் பின் அத்தலைப்பை நான் கொடுப்பதில்லை.

கடலைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாப்பா வழியே இறங்கினால் லூமுட். அங்கிருந்து படகில் சிறிது நேரத்தில் பங்கோர் தீவு. டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. நெத்திலி காயும் மீனவர் கிராமம் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயிலும் இருக்கிறது. அங்கே மாசிமகம் நடக்கிறது. போகுமுன் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் 'நம் குடும்பத்தில் யார் கப்பலில் வந்தார்' என்று கேட்டு எழுதி வர வேண்டும். அடுத்த கூட்டத்துக்காகப் படகுக் கட்டணத்தையும் பேருந்து வாடகையையும் இப்பொழுதே விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறேன். பின்வரிசை நண்பர் அவசியம் வர வேண்டும்.