உடல் நலம்: சிறு கட்டியும் பெரிய அச்சமும்



ஓயாத தலைவலிக்காகவோ, வழுக்கி விழுந்ததாலோ தலையை ஸ்கேன் செய்து பார்க்கிறோம். தேடாத ஒன்று கண்ணிற் படுகிறது: மூளையை ஒட்டி ஒரு சிறு கட்டி. அன்றிரவு அவ்வில்லத்தில் ஒருவரும் உறங்குவதில்லை. பெரியோரெல்லாம் தொலைவில் இருக்க, மருத்துவர் கூறும் இந்தியும் பாதியே விளங்க, "நாளையே அறுத்து எடுத்துவிடலாமா?" என்று மனம் பதறுகிறது.

பதறுமுன் சிறிது சிந்திப்போம். இவ்வாறு தற்செயலாகக் காணப்படுவனவற்றுள் முக்கியமான ஒரு வகை மெனிஞ்சியோமா. 1922-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். இது தோன்றுவது மூளையிலன்று. அதனைப் போர்த்தியுள்ள உறையில். ஆடவரினும் பெண்டிரிடமே மிகுதி. பெரும்பாலானவை புற்று அல்ல, மெல்லவே வளர்வன. பல்லாண்டுகள் வளராமலே இருப்பனவும் உண்டு.

ஆகவே வினா, "எடுக்க முடியுமா?" என்பதன்று. "விட்டு வைப்பதில் தீங்கு மிகுதியா, எடுப்பதில் மிகுதியா?" என்பதே. மண்டையோட்டைத் திறக்கும் சிகிச்சையில் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, வலிப்பு, கைகால் வலுவிழத்தல் ஆகியவை நேரக்கூடும். கட்டி சிறியதாய், தொல்லை ஏதும் தராததாய் இருப்பின், சுமார் 6 மாதங்களில் மீண்டும் ஓர் எம்.ஆர்.ஐ., பின்னர் ஆண்டுக்கு ஒன்று எனக் கண்காணித்து வருதலே மருத்துவர் பலரின் வழக்கம். வலிப்பு வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கட்டி வளர்ந்தாலோ அறுவையையும் கதிர்வீச்சையும் பற்றி ஆலோசிப்பர். கண் நரம்பை ஒட்டியிருப்பின், சிறியதாயினும் முன்னதாகவே முடிவெடுக்க நேரலாம். 35 வயதினருக்கும் 75 வயதினருக்கும் விடை ஒன்றாகாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: கட்டி எவ்விடத்தில் உள்ளது? என் தொல்லைக்கு அதுதான் காரணமா? காத்திருந்தால் இழப்பது என்ன? ஐயம் நீங்காவிடில், மற்றொரு நரம்பியல் அறுவை நிபுணரையும் கலந்துகொள்ளுங்கள்; அதில் அவமதிப்பு ஏதுமில்லை.

மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சொல். காத்திருத்தல் வேறு, மறந்திருத்தல் வேறு. வளர்ந்ததா என்பதை அறிய முதற் படமே அளவுகோல். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும்போது, அப்படங்களையும் அறிக்கையையும் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் முதலில் பள்ளிக்கூடம் தேடுவீர்கள். உடனே மருத்துவரையும் தேடுங்கள். குறித்த நாள் தவறாதிருந்தால் அச்சம் பாதி நீங்கிவிடும்.