மகஜரும் பெட்டிசமும்

ஊரார் கையெழுத்து வைத்து, நாலு பேர் பார்க்கக் கொடுத்தால் அது மகஜர். பேர் போடாமல் தபாலில் அனுப்பினால் பெட்டிசம். இரண்டும் கடைசியில் ஒரே மேசைக்குத்தான் போகுது. ஆனாலும் அன்புவழிபுரத்தில் யாரையாவது 'பெட்டிசக்காரன்' என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். மகஜர் மரியாதையான விசயம். அந்த மரியாதையால் ஒழுங்கையில் ஒரு லைற்றாவது எரிந்ததா என்பதுதான் எங்கட கேள்வி.

வழமையான ஒரு மகஜரை எடுத்துப் பாருங்கள். "கௌரவ ஐயா" என்று தொடங்கும். "நீண்டகாலமாகப் பல்வேறு அசௌகரியங்களை எதிர்நோக்கி வருகின்றோம்" என்று இழுக்கும். "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்று முடியும். நடுவில் ரோட்டு, கான், தெருவிளக்கு, கட்டாக்காலி மாடு, குப்பை உழவு இயந்திரம், நுளம்பு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும். எந்த ஒழுங்கை, எத்தனை மீற்றர், எந்த மாதத்திலிருந்து என்று ஒரு வரி இராது. கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுவோம். படத்தில் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் கமராவைத்தான் பார்ப்பார்கள்.

உண்மையில் அந்த ஒரு பக்கம் பல அலுவலகங்களுக்குரியது. ஏ, பி வகுப்பு வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. நகருக்குள் வருகிற கண்டி வீதி, அதாவது ஏ6, அப்படிப்பட்டது. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். அதுக்குக் கீழே உள்ள ஒழுங்கைகள்தான் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு. மின்கம்பம் மின் விநியோகம் செய்கிற நிறுவனத்துடையது, அதில் தொங்குகிற தெருவிளக்கு உள்ளூராட்சிச் சபையுடையது. குழாய்த் தண்ணி தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. டெங்கு என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. இதுக்கு மேலே, எங்கட பக்கத்தில் நகரத்துக்கு ஒரு சபை, பட்டினமும் சூழலும் என்று ஒரு பிரதேச சபை, அதே பெயரில் ஒரு பிரதேச செயலகம். படித்த பிள்ளைகள் நாங்களே மாறிப் போய் நிற்போம், வயசான ஆக்களை என்ன சொல்ல. "இது எங்கட வேலை இல்லை" என்று திருப்பி அனுப்புகிற அலுவலருக்கு நாங்களே வாசலைத் திறந்து கொடுக்கிறோம்.

மகஜர் என்ற சொல்லைத் தமிழ்நாட்டுப் பொலிசும் பாவிக்கிறது. குற்றம் நடந்த இடத்துக்குப் போய், கண்டதை அப்படியே எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிற பத்திரத்துக்குப் 'பார்வை மகஜர்' என்று பேர். அதில் வேண்டுதலும் இல்லை, தாழ்மையும் இல்லை. இன்ன இடத்தில் இன்னதைக் கண்டோம், இன்னார் சாட்சி, அவ்வளவுதான். எங்கட மகஜரும் அப்படி இருக்க வேண்டும் என்பது எங்கட வாதம். ஒரு பிரச்சினைக்கு ஒரு கடிதம். கம்பத்தின் இலக்கம், கான் அடைபட்ட இடம், மழைத் தண்ணி எத்தனை நாள் நின்றது, யார் வீட்டு வாசல் வரை வந்தது, திகதியோடு படம். சோலைவரி கட்டுகிற வீடு என்றால் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் போடுங்கள். வரி கட்டுகிறவர் கெஞ்சத் தேவையில்லை.

கொடுக்கிற இடமும் முக்கியம். உறுப்பினரின் கையில் கொடுத்தால் அது அவருடைய பையில் போகும். கருமபீடத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கினால் அது கோப்பில் போகும். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. "எங்கட இன்ன திகதிக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை, கோப்பு யாரிடம்" என்று தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் கேட்கலாம், பதிலையும் தமிழில் கேட்டு வாங்கலாம்.

"சபையே இல்லாத காலத்தில் யாரிடம் கொடுக்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023 மார்ச்சில் நாடு முழுக்கச் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலும் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. வாக்குப் போட்டது 2025 மே 6இல். இரண்டு வருசத்துக்கு மேல் மக்கள் தெரிவு செய்த ஒருத்தரும் சபையில் இல்லை. ஆனால் அலுவலகம் திறந்துதான் இருந்தது, வரியும் வாங்கியது. அந்த நேரத்தில் உறுப்பினரின் பையில் போட்ட மகஜர் அவரோடு வீட்டுக்குப் போனது, முத்திரை வாங்கினது மட்டும்தான் கோப்பில் மிஞ்சியது.

யாரிடம் சொல்வது என்ற சிக்கல் எவ்வளவு பெரியது என்றதுக்கு மீதொட்டமுல்லை போதும். அங்கே கொட்டினது கொழும்பு மாநகர சபையின் குப்பை, மலையாகக் குவிந்தது கொலன்னாவை நகர சபையின் எல்லைக்குள். அதாவது குப்பை கொட்டுகிற சபைக்கு அந்தச் சனத்தின் வாக்கே இல்லை. வருசக்கணக்காகச் சொன்னார்கள், போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். ஒழுங்காக எழுதியிருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அநியாயம். ஆனால் எல்லை தெரியாமல் கொடுக்கிற கடிதத்தை இரண்டு சபையும் மற்றதுக்குத் தள்ளிவிடலாம் என்பதை அதுக்குப் பிறகும் மறக்க ஏலாது.

இன்னொன்று, பயம். நாளைக்கு மதில் கட்ட அனுமதிக்குப் போகும்போது "நீங்கதானே அண்டைக்குக் கையெழுத்து வச்சது" என்று கேட்பார்களோ என்ற பயம். பெட்டிசம் பிறந்ததே இந்தப் பயத்தில்தான், அதனால் பெட்டிசம் போடுகிறவரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு மனமில்லை. முதல் கையெழுத்தை யார் வைப்பது என்று வாசலில் நின்று ஆளை ஆள் பார்க்கிற நேரத்தில், அனுமதிக்கும் சான்றிதழுக்கும் இன்னும் அலையத் தொடங்காத பெடியளும் பெட்டையளும் முன்னால் வைக்கலாம். எங்களுக்கு மதில் கட்ட இன்னும் காலம் இருக்கு.

மாரி தொடங்க முதல் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கான்களைப் பார்த்து எழுதுவோம் என்று யோசிக்கிறோம். கொப்பியும் போனும் போதும். முத்திரை குத்தின பிரதிகளை ஒருத்தர் வீட்டில் வைக்காமல் பொதுவான ஒரு கோப்பில் சேர்ப்போம். போன முறை கொடுத்த மகஜரின் பிரதி யாரிடமாவது இருந்தால், அதையும் கொண்டுவந்து தாங்கோ.