சில்லறை என்றா சொன்னீர்கள்?

"அது கிடக்கட்டும், சில்லறை நாடகம்! தலைவர் வரும்வரை ஓடட்டும்!"

இப்படிச் சொன்னவர் எதிர்முகாமில் இருப்பவரல்லர், தோழரே! கலை என்றால் காத தூரம் ஓடும் கனதனவானும் அல்லர். நம் கொடியைத் தோளிலே சுமந்தவர். நள்ளிரவில் நம்மோடு உட்கார்ந்து சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவர். மாநாட்டுப் பந்தலிலே நிகழ்ச்சி நிரலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நம் அருமைத் தோழர்! மாற்றான் சொல்லியிருந்தால் மறுமொழி கூறிவிட்டு மறந்திருப்பேன். நம்மவர் சொன்னார், ஆகவே எழுதவேண்டியதாயிற்று.

நடந்தது இது. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர். மாலை மாநாடு. மேடையில் எங்கள் குழுவின் ஓரங்க நாடகம். அரிசி ஆலை இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவன் வீடு. இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று எழுதிய தாளோடு ஆலைக் கணக்கப்பிள்ளை வருகிறான். தாளில் இருப்பது என்னவென்று அந்த வீட்டுக்காரிக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்த மகனோ பள்ளியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வாசலைப் பார்க்கிறாள், தாளைப் பார்க்கிறாள், மை தடவிய கட்டைவிரலை மெல்லத் தூக்குகிறாள்...

தூக்கிய விரல் தூக்கியபடி நிற்க, வெடித்தது வாணம்! வந்தது வண்டி! 'வாழ்க' முழக்கம் வானைப் பிளந்தது. ஒலிவாங்கியை ஒருவர் பிடுங்கினார். நாற்காலிகளை இருவர் மேடைக்கு ஏற்றினர். அந்த வேடம் புனைந்த அக்கா, மை உலராத விரலோடு பின்படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார். கணக்கப்பிள்ளையாக நடித்த தோழர், தலைவருக்குச் சோடா உடைத்துக் கொடுக்க ஓடினார். அதன்பின் நானும் நாற்பது நிமிடம் பேசினேன், மறைக்கவில்லை. கைதட்டலும் வாங்கினேன்.

மறுநாள் காலை, பேருந்து நிலையத்தில் கடலை விற்கும் மூதாட்டி ஒருவர் என்னை நிறுத்தினார். "ஏந்தம்பி, அந்தப் பொண்ணு கைநாட்டு வெச்சாளா, இல்லியா?"

என் நாற்பது நிமிடப் பேச்சைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அவர் மட்டுமா? அந்த ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை!

எண்ணிப் பாருங்கள், தோழரே. இரவு முழுதும் ஒரு மூதாட்டியின் உறக்கத்தைக் கெடுத்த ஒன்று சில்லறையா? ஐந்து அங்கம், முப்பது காட்சி, மாற்றி மாற்றி விழும் படுதாக்கள் - இவை இருந்தால்தான் முழு நாடகம். மற்றவை முன்னும் பின்னும் ஒட்டும் துண்டுத் துணி என்பதே பலர் நினைப்பு. விடிய விடிய நடந்த இசை நாடகத்தை நான் இகழவில்லை. சங்கரதாசு சுவாமிகள் தமிழ் மேடைக்குத் தந்த கொடையை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால், ஆலமரம் பெரிது என்பதற்காக, வேலைக் கத்திரிச்செடியோடு ஒப்பிட்டு ஏளனம் செய்வார் உண்டோ?

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் அரங்குகளில், பெரிய நாடகத்திற்கு முன்னால் குறுநாடகம் ஒன்றைப் போடுவார்கள். திரை தூக்கும் நாடகம் என்று அதற்குப் பெயர். விருந்துண்டு தாமதமாக வரும் சீமான்களும் சீமாட்டிகளும் இருக்கை தேடி அமரும்வரை பொழுது போகவேண்டும் அல்லவா? அதற்காக! அங்கே விருந்துண்டவர்களுக்காகக் காத்தார்கள். இங்கே வண்டிக்காகக் காக்கிறோம்.

அந்த ஏளனச் சொல்லையே எடுத்துத் தலைப்பாகச் சூட்டிக்கொண்ட நாடகமும் உண்டு. ஆண்டு 1916. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் புரொவின்ஸ்டவுன் என்னும் ஊர். படகுத்துறையில் நின்ற பழைய மீன் கொட்டகைதான் அரங்கு. எழுதியவர் சூசன் கிளாஸ்பெல் என்ற பெண்மணி. நாடகத்தின் பெயர் 'டிரைபிள்ஸ்'. அற்பச் சங்கதிகள், சில்லறை விஷயங்கள் என்று பொருள்! முன்பு ஐயோவா மாநிலத்தில் செய்தியாளராக இருந்தபோது, கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பண்ணைப் பெண் ஒருத்தியின் வழக்கை 1901இல் அவர் எழுதினார். அதிலிருந்து பிறந்தது இந்த ஓரங்கம்.

காட்சி ஒன்றே, இடம் அடுக்களை. கணவன் கழுத்தில் கயிற்றோடு பிணமாகிவிட்டான், மனைவி சிறையில். துப்புத் துலக்க வந்த ஆண்கள் மாடிக்கும் தொழுவத்திற்கும் நடையாய் நடக்கிறார்கள். உடன் வந்த இரு பெண்கள் அடுக்களையிலேயே நிற்கிறார்கள். பாதி துடைத்த மேசை; குளிரில் வெடித்த பழச்சாற்றுக் குடுவை; ஒழுங்காக வந்துகொண்டிருந்து, திடீரெனத் தாறுமாறாகிப்போன தையல். "பெண்களுக்கு இந்த அற்பங்கள்தாம் கவலை" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள் ஆண்கள். அந்த அற்பங்களிலிருந்துதான் பெண்கள் அவள் வாழ்வைப் படிக்கிறார்கள்! கதவு பிய்ந்த பறவைக்கூடு. தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிய பாடும் பறவை. கழுத்துத் திருகப்பட்டுக் கிடக்கிறது. சட்டம் தேடும் காரணம் அவர்கள் கையில்! என்ன செய்கிறார்கள்? ஒருத்தி அதை மேலங்கிப் பைக்குள் ஒளிக்கிறாள். காவல் அதிகாரியின் மனைவியே அதற்கு உடந்தை!

அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்த நாடகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. வழக்கே எவளைப் பற்றியதோ, அவள் மேடையில் தோன்றுவதே இல்லை!

குறுநாடகத்தைச் சுவைக்க விரும்பும் தோழர் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். மேடையில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாரும் எண்ணுவார்கள். யார் இல்லை என்று எண்ணுங்கள். சுவீடன் நாட்டு ஸ்ட்ரிண்ட்பெர்க் 1889இல் அரங்கேற்றிய 'வலியவள்' நாடகத்தில் இரண்டு பெண்கள், ஒரு சிற்றுண்டிச்சாலை. ஒருத்தி பேசுகிறாள்... பேசிக்கொண்டே இருக்கிறாள். மற்றவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இருவரில் வலியவள் யார்? விடையைத் திரை விழுந்த பின்னும் தேடிக்கொண்டிருக்கலாம். (கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே கைவிட்டவன் நான். ஸ்ட்ரிண்ட்பெர்க் எனக்குப் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் கிடைத்தார். வகுப்பறையில் கிடைத்திருந்தால் ஐந்து மதிப்பெண் வினாவாகச் செத்துப்போயிருப்பார்!)

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்று. 1934இல் நியூயார்க் நகரில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைக் கருவாகக் கொண்டு கிளிபோர்டு ஓடெட்ஸ் எழுதிய நாடகம் 'லெப்டிக்காகக் காத்திருத்தல்'. 1935 சனவரியில், குரூப் தியேட்டர் நடிகர்களைக் கொண்டு மேடை ஏறியது. அப்போது அவருக்கு வயது 28.

படுதா இல்லை, மாளிகை இல்லை. மேடைதான் தொழிற்சங்கக் கூட்டம், சில நாற்காலிகள், பார்க்க வந்தவர்களே சங்க உறுப்பினர்கள்! வேலைநிறுத்தம் வேண்டாம் என்று மிரட்டுகிறான், விலைபோன சங்கத் தலைவன். அருகிலே அவன் அடியாள். கமிட்டித் தோழர்களோ, தாங்கள் தேர்ந்தெடுத்த லெப்டிக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, தாம் இந்த இடத்துக்கு வந்த கதையை ஒரு சிறு வெளிச்ச வட்டத்துக்குள் நடித்துக் காட்டுகிறார்கள். தவணை கட்டாததால் வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள், முதுகெலும்பு இல்லையா உனக்கு என்று மனைவி கேட்டாள், அவன் ஒருவன். நச்சு வாயு செய்யும் ஆராய்ச்சிக்கு உடன்பட மறுத்தவன் ஒருவன். யூதர் என்பதால் மருத்துவமனையை விட்டு விரட்டப்பட்ட டாக்டர் ஒருவர். நடிகர்கள் பார்வையாளர் நடுவிலிருந்தும் எழுந்து குரல் கொடுக்கிறார்கள். யார் நடிகர், யார் பொதுமக்கள் என்பதே தெரியாது!

கடைசியில் செய்தி வருகிறது: லெப்டியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். என்ன சொல்கிறீர்கள் என்று மேடையிலிருந்து கேள்வி. வேலைநிறுத்தம் என்ற முழக்கம் மேடையிலிருந்து மட்டுமா வந்தது? முதல் நாளிலேயே அரங்கம் முழுவதும் எழுந்து நின்று முழங்கியது! பிறகு பல நகரங்களில் அதை நடத்தவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். ஒரு மணி நேர நாடகத்துக்கு அவ்வளவு அச்சம்!

எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. அங்கே எதிர்பார்த்த தலைவன் வரவில்லை. தொழிலாளர்கள் தாமே முடிவெடுத்தார்கள். இங்கே எதிர்பார்த்த தலைவர் வந்தார், நாடகம் செத்தது!

சிறு நாடகத்தின் வலிமையை ஆண்டவர்கள் அறிந்த அளவுக்கு நாம் அறியவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. 1876இல் கல்கத்தாவில், வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டுக்கு அழைத்து மகிழ்ந்த ஒரு வக்கீலைக் கிண்டல் செய்து சிறு கேலிநாடகம் ஒன்று போட்டார்கள். பேரரசு என்ன செய்தது? அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டில் நாடக நிகழ்ச்சிச் சட்டமே இயற்றியது! நம் மாநிலத்துக்கு என்று 1954இல் ஒரு சட்டம் வந்தது. அதைச் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2013 ஆகவேண்டியிருந்தது. அதற்காக வழக்காடியவர் பரீக்‌ஷா நாடகக்குழுவின் ஞாநி.

சப்தர் ஆஷ்மியை மறந்துவிடமுடியுமா? டில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் 1978இல் போட்ட 'மெஷீன்' பதின்மூன்று நிமிட நாடகம். நடிகர்களின் உடல்களே இயந்திரம். இயந்திரம் ஓடுகிறது, திடீரென நிற்கிறது, ஏன் நின்றது என்பதுதான் கதை. சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீர்க் கடையும் கேட்ட தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியிலிருந்து பிறந்தது அது. 1989 சனவரி முதல் நாள், சாகிபாபாத்தை அடுத்த ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நடந்துகொண்டிருந்தபோது தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மறுநாள் ஆஷ்மியும் இறந்தார். வயது 34, என் வயதுக்காரர். நான்காம் நாள் அவர் துணைவியார் மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுதாக நடித்து முடித்தார்கள்.

அங்கே நாடகத்தை நிறுத்தக் கொலை தேவைப்பட்டது, அப்போதும் நிற்கவில்லை. இங்கே ஒரு வாணவெடி போதுமானதாக இருந்தது!

எழுதுகிறவர்கள் மீதும் குற்றம் உண்டு; முதல் குற்றவாளி நானே. மேடைப் பேச்சாளன் நாடகம் எழுதினால் என்ன ஆகும்? பாத்திரங்கள் எல்லாம் பேச்சாளர்கள் ஆகிவிடுவார்கள்! அந்தக் கைநாட்டு நாடகத்தில், முதலில் மகன் ஓடிவருவதாகவும் தாளைப் படித்துவிட்டு நான்கு பக்கம் முழங்குவதாகவும் எழுதியிருந்தேன். ஒத்திகையில் அக்கா (தையற்கடை வைத்திருப்பவர்) தாள்களை மடித்து என் கையில் கொடுத்தார். "பையன் வர வேணாம் தம்பி. வந்துட்டா அவன் பாத்துக்குவான்னு சனம் வீட்டுக்குப் போயிடும். நான் தனியா நிக்கறேன்" என்றார். நான்கு பக்கத்தைக் கிழிக்க எனக்கு நான்கு நாளாயிற்று.

எளிது என்று நினைத்துக் குறுநாடகத்தில் இறங்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். நீளமான நாடகத்தில் ஒரு காட்சி தொய்ந்தால் அடுத்த காட்சி தூக்கிவிடும். இங்கே தூக்கிவிட ஆள் இல்லை. முதல் இரண்டு நிமிடத்துக்குள் யார், எங்கே, என்ன ஆபத்து என்று தெரியவேண்டும். இரண்டு பெஞ்சு, ஒரு விளக்கு, நான்கு பேர், வாய்விட்டுப் படிக்க ஒரு மாலை. தேர்தல் அலுவலகத் திண்ணை போதும். நடுவில் சினிமாப் பாட்டு ஒன்று இருந்தால் கூட்டம் சேரும் என்று யோசனை சொல்பவரை மட்டும் திண்ணையில் ஏற்றாதீர்கள்!

மாநாட்டு அமைப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சுவரொட்டியில் நாடகத்தின் பெயரையும் நேரத்தையும் போடுங்கள். தலைவர் முன்னதாக வந்துவிட்டால் மக்களோடு மக்களாக அமர்ந்து பார்க்கட்டும். மேடையில் வளர்ந்த இயக்கத்தின் தலைவருக்கு அது இழுக்காகாது.

எங்கள் வட்ட மாநாடு அடுத்த மாதம். அதே நாடகம், ஏழு மணிக்கு. வண்டி முன்கூட்டி வந்தால் சாலைத் திருப்பத்திலேயே நிறுத்தச் சொல்லி இரண்டு தொண்டர்களுக்குக் கட்டளை. வாணம் இல்லை. அவள் கைநாட்டு வைத்தாளா இல்லையா என்பதை இங்கே எழுதமாட்டேன். கடலை விற்கும் அந்த ஆத்தாவுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம்.